பையில் ஒன்று, தாளில் இரண்டு

மகனே,

நீ இப்போது குசினி வாசலில் இருந்து, வெறும் பால்மா ரின்னுக்குள் கரண்டியைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறாய். உனக்கு மூன்று வயது. இந்தக் கடிதம் உனக்கல்ல. உன்னிலிருந்து ஒருநாள் வரப்போகிற, மீசை முளைத்த, என்னைவிட உயரமான ஒருவனுக்கு. அவனை எனக்கு இன்னும் தெரியாது. எனக்கு இருபத்தெட்டு வயது. இப்படிப்பட்ட கடிதங்களைத் தாய்மார் தலை நரைத்தபின்தான் எழுதுவார்கள். நான் அதுவரை காத்திருக்க விரும்பவில்லை. காலம் போனால் நான் அன்று துணிவாக இருந்ததாக எனக்கே ஒரு நினைப்பு வந்துவிடும். இப்போது எழுதினால் பொய் சொல்ல முடியாது. கப்பலுக்கு அனுமதி வந்துவிட்டது. போரில் பாதை பூட்டிய நாளிலிருந்து வவுனியாவில் அகப்பட்டிருக்கிற உன் அப்பாவிடம் அடுத்த கிழமை போகிறோம். சரவணையில் இந்த வீட்டைப் பூட்டுவதற்குமுன் இதை எழுதி, உன் பிறப்புச் சான்றிதழோடு வைக்கப்போகிறேன்.

நான் என்ன வேலை செய்தேன் என்பதை நீ அறிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தேன். அதோடு, எங்கள் தீவில் இருந்த ஒரு சிறிய தாய்சேய் நிலையத்துக்காக ஒரு காரியம் ஒப்புக்கொண்டிருந்தேன். குழந்தைகளின் தடுப்பூசி மருந்து அங்கே ஒரு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். மின்சாரம் போய், யாரும் கவனிக்காமல் பெட்டி சூடானால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. நீ பிறந்தபின் உனக்குப் போட்ட ஊசிகளில் எது மருந்து, எது தண்ணீர் என்று நான் படுக்கையில் கிடந்து யோசித்ததுண்டு. அதனால்தான் அந்த வேலை. உள்ளங்கை அளவான ஒரு கணினிப் பலகை, அதோடு இரண்டு சிப். ஒன்று பெட்டியின் வெப்பத்தை அளக்கும். மற்றது, கதவில் பொருத்திய சின்னச் சுவிச்சைப் பார்த்து, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும். இரண்டும் ஒரே சோடிக் கம்பியில் தொங்கும். அந்தச் சோடிக் கம்பியை எங்கள் தொழிலில் பஸ் என்போம்.

கணினியில் ஒரு மவுஸைச் செருகினால் அது தானாகவே, நான் இன்னார், வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும். இந்தச் சோடிக் கம்பியில் அப்படி இல்லை. அதில் இருக்கிற சிப் ஒன்றும் தானாக வாய் திறக்காது. தன் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும். ஆகவே இந்தப் பலகையில் யார் யார், எந்தக் கம்பியில், எந்த இலக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு விவரக் கோப்பை நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பலகை உயிர்பெறும்போது அந்தக் கோப்பைத்தான் வாசிக்கும். எழுதியிருக்கிற இலக்கத்தில் போய்த் தட்டும். பதில் வந்தால் ஆள் இருக்கிறார். வராவிட்டால் ஆள் இல்லை. எழுதாத ஒருவர் பக்கத்திலேயே இருந்தாலும் அதற்குத் தெரியாது.

இதை நான் கல்லூரியில் விளக்கும்போது எங்கள் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இந்த வருடங்களில், தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் வாழ்ந்தோம். கம்பியோ பற்றரியோ பலகையோ கொண்டுபோவதென்றால் ஒரு அனுமதித் தாள் வேண்டும். அதில் சாமான்களை ஒவ்வொன்றாக எழுதி முத்திரை குத்தியிருக்கும். பாலத்தில் படையினர் நிற்கிற சென்றியில் தாளையும் பையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பையில் ஒன்று கூடினால், எங்கிருந்து வந்தது? ஒன்று குறைந்தால், யாருக்குப் போனது? இரண்டாவது கேள்விதான் கூடப் பயங்கரமானது. என் தாளில், "கணினி ஒன்று, சிறு பலகை ஒன்று, சிப் இரண்டு" என்று இருந்தது. என் கையால் எழுதினேன்.

தாய்சேய் நிலையத்தில் பிலிப்பு அண்ணை இருந்தார். கடற்தொழிலாளி. பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக ஏலாத காலத்தில் வலையைச் சுருட்டிவைத்துவிட்டு, அங்கே ஜெனரேற்றர் பார்க்கவும் கதவு திறக்கவும் வந்தவர். என் பலகையை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தங்கச்சி, உம்மடை பூரான் இண்டைக்கு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார். சிப்புக்கு இரண்டு பக்கமும் கால் இருந்ததால் அது அவருக்குப் பூரான். அவருடைய மனைவி றீற்றா அக்கா வாய்க்காரி. "ஐஸ்பெட்டிக்குக் காய்ச்சல் பாக்கிற பொம்பிளை வந்திட்டா, எழும்பி இடம் விடுங்கோ" என்பா. நான் வேலைக்குப் போகிற நாட்களில் நீ அவவின் வீட்டில்தான். புளியங்கூடலில், நிலையத்துக்குப் பின்னால் நாலு வீடு தள்ளி. அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. உனக்கு மீனில் முள்ளெடுத்துச் சோறு தீத்துவதற்கு அவவின் விரல்களுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். வெப்பத்தை அளக்கிற சிப்பைப் பலகை முதல் நாளே கண்டுபிடித்தது. கதவைப் பார்க்கிற சிப்பைக் காணவில்லை என்றது. அதன் கையேட்டில் இலக்கம் நாற்பது என்று இருந்தது. நானும் கோப்பில் நாற்பது என்று எழுதியிருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். கம்பியை மாற்றினேன். நாற்பது, நாற்பது என்று பலகை தட்டிக்கொண்டே இருந்தது, பதில் இல்லை. கடைசியில் சிப் செத்துவிட்டது என்று தீர்மானித்தேன். என் எழுத்தில் பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர். சிப்பைச் சுவிச்சோடு சேர்த்துக் கழற்றி, கொப்பித் தாளில் சுற்றி, பிலிப்பு அண்ணையின் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அவர் அப்போது ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும், அல்லது அதற்குள் தெரிந்திருக்கும்: தேவை இல்லாமல் ஒருவரோடும் கதைக்க மாட்டேன். அதை ஒரு நல்ல குணம் என்று வைத்திருந்தேன்.

வேறு சிப் கிடைக்குமா என்று பார்க்க, பலகையையும் கணினியையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். போகும்போது சென்றியில் தாளை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்கள். கல்லூரியில் சிப் இல்லை. பின்னேரம் திரும்பி வரும்போது வேறு ஒருவன் நின்றான். இளம் பொடியன், கண்ணாடி போட்டவன். பையில் இருந்தவற்றை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, தாளில் விரல் வைத்து எண்ணினான். நான் வந்த பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் இறக்கி வரிசையில் நிற்பாட்டியிருந்தார்கள். பின்னால் கடல் சத்தமில்லாமல் கிடந்தது.

"ரெண்டு எழுதியிருக்கு. ஒண்ணுதான் இருக்கு. மத்தது எங்க?"

"அது பழுது. கழட்டி வைச்சிட்டன்."

"எங்க வச்சது? யார்கிட்ட?"

மகனே, இந்த இடத்தைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்தேன். நிலையத்தில், ஒரு லாச்சியில் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அவன் எங்க என்றும் கேட்டான், யார்கிட்ட என்றும் கேட்டான். நான் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னேன். "பிலிப்பு அண்ணையிட்டை இருக்கு." ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் அவர்களின் கண் என்னை விட்டு நகரும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மனதுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவன் என் தாளின் பின்பக்கத்தில் அவருடைய முழுப் பெயரைக் கேட்டு எழுதினான், ஊரையும் எழுதினான், கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினான். பையை வைத்துக்கொண்டு, வயர்லெஸ்ஸில் தீவு முகாமுக்குச் சொல்லிவிட்டு, நாளைக்கு அங்கே போய் எடுக்கச் சொல்லி என்னை அனுப்பினான். பஸ்ஸில் ஏறி இருந்தபோது எனக்கு வந்தது குற்ற உணர்வு இல்லை. விட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல். அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உன்னைக் கூட்டிக்கொண்டுபோக றீற்றா அக்காவின் வீட்டுக்கு வந்தேன். படலை திறந்து கிடந்தது. முற்றத்தில் வலை, பாய், அரிசி வாளி எல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அக்கா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா. உன் வாயில் சோறு இருந்தது.

"இவரைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள், தங்கச்சி. ஏதோ சாமான் இவரிட்டை இருக்காம். இவர் என்னட்டை ஒண்டும் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறார். வீடு முழுக்கக் கிண்டினவங்கள். ஒண்டும் இல்லை. இல்லாததை இவர் எங்கையெண்டு குடுக்கிறது?"

"பிள்ளையைத் தாங்கோ அக்கா," என்றேன்.

"பொறும், ரெண்டு வாய்தான் கிடக்கு," என்றா. அழுதுகொண்டே உனக்கு அந்த இரண்டு வாயையும் தீத்தி முடித்தா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம்தான் இருக்கிறது என்று பிலிப்பு அண்ணை சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. அவர் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதிய இடத்தில் அவருடைய உடம்பு இருந்தது. அதை அக்காவுக்குச் சொல்லவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன். கதவில் சங்கிலி போட்டிருந்தது. அன்று இரவைப் பற்றி எழுத மாட்டேன்.

விடிந்ததும் உன்னைத் திரும்பவும் அக்காவிடம்தான் விட்டேன். வேறு யாரிடம் விடுவது? அவ கேட்கவும் இல்லை, கை நீட்டி வாங்கிக்கொண்டா. நிலையம் திறந்ததும் லாச்சியை இழுத்தேன். கொப்பித் தாள் நான் வைத்தபடியே இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். வழியில் சாட்டிக் கடற்கரைப் பக்கமிருந்து வந்த மணல் லொறி ஒன்று என்னைக் கடந்துபோனது. அதன் சக்கரத்துக்குள் இந்தப் பொட்டலத்தை எறிந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

முகாமில் அதிகாரி நடுத்தர வயதுக்காரர். தமிழ் கொஞ்சம் தெரியும். பொட்டலத்தைத் தொடாமல், பேனையால் பிரித்தார்.

"இது என்ன வேலை செய்யும்?"

"கதவு திறந்தா, திறந்திருக்கெண்டு சொல்லும்."

"காட்டுங்க."

"இது பழுது, சேர்."

அவர் கதிரையில் சாய்ந்தார். "பழுதான சாமானைப் பேப்பர்ல சுத்திப் பத்திரமா வைக்கிறது ஏன்? அந்த ஆள் இல்லைன்னு சொல்றது ஏன்? நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார். இது கதவுக்கா, வேற எதுக்குமா, நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. அதனால்தான் அவ்வளவு பயமாக இருந்தது. சிப் வேலை செய்தால் ஒழிய அது கதவுக்கானது என்று நிரூபிக்க வழி இல்லை. வேலை செய்யாது என்று மூன்று நாள் தீர்ப்புச் சொன்னவள் நான்தான். உள்ளே எங்கேயோ ஒரு கதவு மூடிய சத்தம் கேட்டது. மனிதச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

பொருத்திக் காட்டச் சொல்லிப் பையைத் தந்தார்கள். விறாந்தையில் ஒரு மேசை. கண்ணாடி போட்ட அந்தப் பொடியன் துவக்கோடு பக்கத்தில் நின்றான். சிப்பைக் கம்பியில் பொருத்தினேன். விரல் வியர்த்து, ஒரு கம்பி நாலு தரம் நழுவியது. பலகை உயிர்பெற்றது. கோப்பை வாசித்தது. நாற்பதில் தட்டியது. பதில் இல்லை. பலகையைத் திரும்பவும் எழுப்பினேன். பதில் இல்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பிலிப்பு அண்ணையின் முகம் வரவில்லை. அக்காவின் விரல்தான் வந்தது, முள்ளைத் தடவிப் பார்க்கிற விரல். ஒரு சோற்று உருண்டையை உனக்குத் தருவதற்குமுன் அவ முழுவதையும் தடவுவா. முள் எந்த இடத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க மாட்டா.

நான் இதுவரை என் கோப்பில் எழுதிய இலக்கத்தில் மட்டும்தான் தட்டியிருந்தேன். கோப்பை விட்டுவிட்டு, கம்பியில் இருக்கக்கூடிய எல்லா இலக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிற வழி ஒன்று உண்டு. படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். நான் செய்யவில்லை. எனக்கு அது தேவையில்லை என்று நினைத்தேன். இப்போது செய்தேன். திரையில் கோடு கோடாக வந்தது. கோடு என்றால் ஆள் இல்லை. கோடு, கோடு, கோடு. பிறகு, இருபது. அந்த இடத்தில் ஒருவர் இருந்தார். மூன்று நாளும் இருந்திருக்கிறார். நாற்பதில் அல்ல, இருபதில்.

அப்போதுதான் விளங்கியது. சில கையேடுகளில் இலக்கத்தோடு, கேட்கிறோமா சொல்கிறோமா என்று காட்டுகிற ஒரு வாலையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். வாலோடு சேர்ந்ததும் இலக்கம் இரட்டிப்பாகிவிடும். விவரக் கோப்பில் வாலைக் களைந்து, பாதியாக்கி எழுத வேண்டும். முதல் வருடப் பிள்ளைகள் விடுகிற பிழை. வெப்பச் சிப்பின் கையேட்டில் வால் இல்லாமல் எழுதியிருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. நாற்பதை அழித்து இருபது என்று எழுதினேன். பலகையை மறுபடி எழுப்பினேன். இரண்டு சிப்பும் இருக்கிறது என்று வந்தது. தாளில் இரண்டு, பலகையில் இரண்டு.

"அமத்துங்கோ," என்று சுவிச்சை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் அமத்தினார். திரையில் "கதவு மூடியுள்ளது" என்று வந்தது. விட்டார். "கதவு திறந்துள்ளது." திரும்பவும் அமத்தினார், விட்டார். கண்ணாடிப் பொடியனைக் கூப்பிட்டு அவனையும் அமத்தச் சொன்னார். அவன் சிரித்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும்.

பிலிப்பு அண்ணையை அன்று பின்னேரம் விட்டார்கள். நடந்துதான் வந்தார். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தா. "என்னடி, கலியாண வீடே? ஆக்கள் பாக்கினம்," என்றார். அதன்பிறகு அவருக்கு இடது காது கேட்பதில்லை. நாங்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவருடைய இடது பக்கத்தில் நின்று கூப்பிடுவதை எல்லோரும் மெல்ல மெல்ல விட்டுவிட்டோம். பலகையை நிலையத்தில் பொருத்தினேன். அது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. உன் கடைசித் தடுப்பூசியில் இருந்தது மருந்துதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் இருந்தேன். இந்த ஒரு வருடமும் நீ அந்த வீட்டில் சாப்பிட்டாய். கப்பல் அனுமதி வந்த அன்று அண்ணையிடம் போனேன். அவர் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பதற்றத்தில் இடது பக்கமாகப் போய் நின்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன தங்கச்சி? மற்றப் பக்கம் வாரும்," என்றார். வலது பக்கம் போய், முழுவதையும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. மகனே, ஒன்றைச் சொல்வதைவிட இரண்டாம் தரம் சொல்வது கடினம்.

"தெரியும்," என்றார்.

"எப்பிடி?"

"தாளைக் காட்டினவங்கள். உம்மடை கையெழுத்து. ஐஸ்பெட்டிக் கதவில நீர் எழுதி ஒட்டின தாளை நான் எத்தினை நாள் பாத்திருக்கிறன்."

"அப்ப ஏன் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை?"

எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். "கேட்டு? பயந்தால் எல்லாரும் ஒரு பேரைத்தான் சொல்லுறது. என்னட்டையும் பேர் கேட்டவங்கள், தங்கச்சி." அவர் யார் பெயரையாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. பிறகு, "றீற்றாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். அவள் உம்மடை பெடியனுக்குச் சோறு தீத்தினவள். தெரிஞ்சால் அந்தச் சோறு அவளுக்கு நோகும்," என்றார்.

ஆகவே அக்காவிடம் நான் சொல்லவில்லை. அது அவருக்குக் கொடுத்த வாக்கு. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் நீ. பயப்படாதே என்று உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன். எனக்கே இல்லாத ஒன்றை எப்படித் தருவது? படலையில் சத்தம் கேட்டால் நான் இன்னும் முதலில் உன்னைத் தேடுகிறேன். இதை மட்டும் கேட்கிறேன். உன் கணக்குப்படி ஒன்று செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்குமுன், எல்லா இடத்திலும் ஒருதரம் கூப்பிட்டுப் பார். மற்றவரின் லாச்சிக்குள் ஒன்றை வைத்தால் அவருக்குச் சொல். பயத்தில் வாய் ஒரு பெயரைத் தேடும். அப்போது ஒரு மூச்சு பொறு.

இன்னொன்று. பிலிப்பு என்பது அவருடைய பெயர் அல்ல. றீற்றா என்பதும் அக்காவின் பெயர் அல்ல. வீடு புளியங்கூடலிலும் இல்லை. ஒரு தாளில் எழுதிய பெயர் எந்தக் கதவில் போய்த் தட்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்; இந்தத் தாளும் கப்பல்வரை எத்தனை கைகளைத் தாண்ட வேண்டுமோ. நீ இதை வாசித்து முடித்ததும் என்னிடம் வா. உண்மையான பெயரையும் ஊரையும் வாயால் சொல்கிறேன். அங்கே போ. அக்கா இருந்தால், நான் உங்களுடைய கையால் சாப்பிட்டவன் என்று சொல். வேறொன்றும் சொல்லாதே. அண்ணை இருந்தால், அவருடைய வலது பக்கத்தில் போய் இரு.

அம்மா